சம்பந்தி வீட்டு டீசல் வண்டி

குளச்சல்
3 நவம்பர் 2024

மருமவள் ரைஹானத்துக்கு கமருதீன் மாமா எழுதுகது. அஸ்ஸலாமு அலைக்கும்.

"போன்ல பேசினா நேத்து ஒண்ணு சொல்லுதிய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதிய மாமா, எழுதி அனுப்புங்க"ன்னு நீ சொன்னதால எழுதுகேன். எழுதுறதுக்கு எனக்கென்ன மடி? எட்டாம் கிளாசுல ஹெட்மாஸ்டரே என் கையெழுத்தப் பாத்து, "கமருதீனே, இனி உனக்குப் படிக்க ஒண்ணும் பாக்கியில்ல, வீட்டுக்குப் போ"ன்னு சொன்னவராக்கும். உன் தம்பி நிஹால் இத போட்டோ பிடிச்சு வாட்சப்புல உனக்கு அனுப்புவான்.

விஷயம் இது. உன் உம்மாவ, அதாவது என் கூடப்பிறந்த லாத்தாவ, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸுக்கு நாகர்கோவில் வரைக்கும் ஆட்டோவுல குலுக்கிக் கொண்டு போற பாடு இனி இல்ல. வண்டி பாத்தாச்சு. டீசல் கார். பதினாலு வருஷம் ஓடினது. வயசக் கேட்டுப் பயப்படாத. டீசல் எஞ்சின்னா யானை மாதிரி, வயசானாதான் அதுக்கு நிதானம் வரும்.

யாருக்க வண்டி தெரியுமா? தேங்காப்பட்டணம் சம்பந்திக்க வண்டி. என் மவ ஃபாஸிலாவ அவரு மகன் சஃப்வானுக்கு நிச்சயம் பண்ணப் போனோம்லா, அன்னைக்கு அது முற்றத்துல நிண்ணுது. நான் சும்மா இருப்பேனா? "வண்டின்னா இது வண்டி! இப்படி ஒண்ணு கிடைச்சா எங்க லாத்தாக்க கஷ்டம் தீந்துரும்"னு நாலு பேருக்க முன்ன வச்சு சொன்னேன். சம்பந்தி கொஞ்ச நேரம் தாடியத் தடவினாரு. பொறவு, "அதுக்கென்ன, நீங்களே எடுத்துக்கிடுங்க"ன்னுட்டாரு. என் வாய்க்கு அப்படி ஒரு ராசி.

நேத்து பாக்கப் போனேன். போனேன்னா, பஸ்ஸுல இல்ல. பெண்ணுக்க வாப்பா பஸ்ஸுல வரப்படாதுன்னு அந்த வண்டியவே சஃப்வான் கையில குடுத்து என் வாசலுக்கு அனுப்பிட்டாங்க. என்ன மரியாதை! இனயம் வழியா கடக்கரை ரோட்டுல வந்தோம். ரோட்டுல குழிய எண்ணினா வானத்து நட்சத்திரம் தோத்துப்போவும், ஆனா என் தொப்பி ஆடல்ல.

இறங்கி டீயும் குடிச்சிட்டு சோதனைய ஆரம்பிச்சேன். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம் ஒண்ணு கொண்டு போயிருந்தேன். அடிபட்ட இடத்துல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா காந்தம் பிடிக்காது, அதாக்கும் சூட்சுமம். அது கை தவறி முற்றத்துல விழுந்துட்டு. நம்ம கடக்கரை கருமணல் அதுல தாடி மாதிரி ஒட்டிக்கிட்டு. அத நான் கவனிக்காம கதவுல வச்சு இழுத்தேன், ஒரு முழத்துக்குக் கோடு விழுந்துட்டு. "இந்தக் கோடு முன்னமே உள்ளதா?"ன்னு கேட்டேன். சம்பந்தி, "இருக்கும், இருக்கும்"னாரு. தங்கமான மனுசன்.

பொறவு சாவி. ஒரே திருப்பு! பூனை மாதிரி உறுமிக்கிட்டு நிக்குது. ராசல்கைமாவுல என் அரபி முதலாளி, அர்பாபுக்க ஏழு டீசல் வண்டியக் கவனிச்ச காதாக்கும் இது. சத்தத்த வச்சே எந்த பிஸ்டனுக்குத் தலைவலின்னு சொல்லுவேன். இதுல எல்லா பிஸ்டனும் சுகம்.

வாக்கு குடுத்தாச்சு. நீ சம்மதம்னு ஒரு வார்த்தை எழுது. மத்தத நிஹால் பாத்துக்கிடுவான்.

உன் மாமா
கமருதீன்


ஷார்ஜா
5 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவை வாசிச்சேன். ரெண்டாவது தடவைதான் ஒண்ணு கண்ணுல பட்டது.

உங்களக் கூட்ட வந்ததே அந்த வண்டிதானே மாமா? தேங்காப்பட்டணத்துல இருந்து குளச்சல் வந்து, திரும்ப அவ்வளவு தூரம் ஓடி, நீங்க டீ குடிக்கிற நேரம் மட்டும் நிண்ண வண்டி. எஞ்சின் கொதிச்சுக் கிடக்கும். சூடான டீசல் எஞ்சின் எந்த லட்சணத்துல இருந்தாலும் ஒரே திருப்புல எடுக்கும். அதுல நமக்கு ஒண்ணும் தெரியாது. ராத்திரி முழுக்க நிண்ணு ஆறின வண்டி, விடியக்காலம் முதல் திருப்புல எடுக்குதா, அதுதான் தெரியணும். நான் இங்க வாடகைக் கார் ஆபீசுல கவுண்டர்ல இருக்கிறவ. எஞ்சின் பிரிக்கத் தெரியாது. ஆனா பழைய வண்டி வாங்க எங்க ஆளு போகும்போது முதல்ல பானெட்டுல கை வைப்பான். சூடா இருந்தா சாவியே வாங்கமாட்டான், "நாளைக்கு வாறேன்"னு சொல்லிட்டு வந்திருவான்.

போன மாசம் ஆட்டோ வழியில திங்கள்நகர்ல பழுதாகி நிண்ணது உங்களுக்குத் தெரியும். உம்மா போய்ச் சேரும்போது அந்த மிஷின்ல வேற ஆளப் படுக்க வச்சாச்சு. அடுத்த முறை வர்ற வரைக்கும் முகமும் காலும் வீங்கி, படுக்க முடியாம, தலையணையைக் கட்டிப் பிடிச்சு உக்காந்தே மூச்சு விட்டாங்க. நிஹால் வீடியோ கால் போட்டான், நான் பாத்தேன். அதனால எனக்கு வண்டி அழகா இருக்க வேண்டாம், தொப்பி ஆடாம மிதக்கவும் வேண்டாம். திங்கள், புதன், வெள்ளி விடியக்காலம் எடுத்தா எடுக்கணும். அவ்வளவுதான்.

ஆறின வண்டிய ஒரு தடவை பாருங்க மாமா. புகை என்ன நிறம்னு பாருங்க. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியத் திறந்தா உள்ள இருந்து புகை குபுகுபுன்னு மூச்சு விடுதான்னு பாருங்க. கடல் பக்கத்து வண்டி, அடியில உப்பு தின்னிருக்கும், குனிஞ்சு பாக்கணும்.

ராசல்கைமா கதைய வாப்பா வேற மாதிரி சொல்லியிருக்காங்க. டயர் கடையில பஞ்சர் ஒட்டினீங்கன்னு.

ரைஹானத்


குளச்சல்
10 நவம்பர் 2024

மருமவளே,

பஞ்சர் ஒட்டினேன்னு உன் வாப்பா சொன்னது செரிதான். டயர் இல்லாம வண்டி ஓடுமா? அர்பாபுக்க ஏழு வண்டியும் என் கையத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போச்சு. அத நான் கவனிச்சேன்னு சொன்னதுல என்ன பிழை?

நீ சொன்னபடி ஆறின வண்டியப் பாக்க நேத்து விடிஞ்சதும் போனேன். பஸ்ஸுலதான் போனேன், சந்தோஷமா? ஆனா ஒண்ணு. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாம போவ முடியுமா? போய் வாசல்ல நிண்ணா அவங்க முகம் என்னாவும்? அடுப்புல ஒண்ணும் இல்லன்னா ஆயுசுக்கும் குறை. அதனால முந்தின நாளே போன் போட்டு, "காலையில வாறேன், எனக்குன்னு ஒண்ணும் செய்யாதிய"ன்னு சொன்னேன். ஒண்ணும் செய்யாதியன்னு சொன்னா என்ன செய்வாங்க? பத்திரி, ஆட்டிறைச்சி, முட்டை, நேந்திரம்பழம் புழுங்கினது. சம்பந்தியம்மா கதவுக்குப் பின்ன நிண்ணுக்கிட்டு, "இன்னும் வைங்க, இன்னும் வைங்க"ன்னு சொல்லுகா. நான் வரப்போறேன்னு வண்டியத் துடைச்சு, முற்றத்துல கொண்டு நிறுத்தி, ஸ்டார்ட்டும் பண்ணி வச்சிருந்தாங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?

நீ சொன்ன மாதிரி பானெட்டுல கை வச்சேன். இளஞ்சூடு இருந்துது. அது வெயில்னு நினைக்கேன்.

புகை நிறம் பாத்தேன். புகையே இல்ல. ஆயில் மூடியத் திறக்கலாம்னு கை நீட்டினேன். சம்பந்தி பக்கத்துல வந்து, "என்ன சம்பந்தி, ஏதும் பழுதா?"ன்னு கேட்டாரு. அவரு முகம் ஒரு மாதிரி சுண்டிப்போச்சு. பெண்ணக் குடுக்கப் போற வீட்டுல வண்டிக்க மூடியத் திறந்து மூக்க வச்சு மோந்து பாத்தா, நாளைக்கு அவங்க ஃபாஸிலா வச்ச கறிய மோந்து பாக்க மாட்டாங்களா? "ஒண்ணுமில்ல, தூசி"ன்னு சொல்லித் துடைச்சிட்டு வந்துட்டேன்.

அடியில குனிஞ்சு பாத்தேன். ரெண்டு இட்டிலி அளவுக்குத் துரு. கடக்கரையில அது வண்டிக்கு மச்சம் மாதிரி.

நீ சம்மதம் எழுதல்லன்னா எனக்கு அவங்க முகத்துல முழிக்க முடியாது. நோன்புப் பெருநாள் கழிஞ்சு நிக்காஹ். யோசிச்சு எழுது.

கமருதீன்


ஷார்ஜா
11 நவம்பர் 2024

மாமாவுக்கு,

விடிஞ்ச உடனே பானெட்ட சுட வைக்கிற வெயில் நம்ம ஊர்ல இல்ல. அதுவும் ஐப்பசி மாசம். நிஹால்கிட்ட கேட்டேன், அன்னைக்கு மழை மூட்டமாம்.

உங்க சங்கடம் எனக்குப் புரியாம இல்ல. ஃபாஸிலா எனக்கும் தங்கச்சிதான். ஆனா இதையும் யோசிங்க. இப்ப வாங்க மாட்டோம்னு சொன்னா அவங்களுக்கு ஒரு வருத்தம். வாங்கின பொறவு உம்மாவ வச்சுக்கிட்டு அது வழியில பரசேரியில நிண்ணா, "சம்பந்தி ஏமாத்திட்டார்"னு நம்ம குடும்பமே சொல்லும். நீங்க தடுத்தாலும் சொல்லும். அப்ப ஃபாஸிலா அந்த வீட்டுல இருப்பா. எது பெரிய வருத்தம்?

நிஹால அனுப்பி பாக்கச் சொன்னா, "சம்பந்தி வீட்டுக்குச் சின்னப்பய போவப்படாது"ன்னு சொல்லுவீங்க. அதனால ஒரு வழி சொல்றேன். வண்டிய ஒரு ராத்திரி உங்க வீட்டுல நிறுத்துங்க. "லாத்தாவ ஒரு தடவை இதுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பாக்கணும், சீட்டு ஒத்துவருதான்னு தெரியணும்"னு கேளுங்க. அது பொய்யும் இல்ல, குறை சொல்றதும் இல்ல. விடியக்காலம் நீங்களே சாவி போடுங்க. பக்கத்துல யாரும் பத்திரி வைக்க மாட்டாங்க.

முதல் திருப்புல எடுத்தா, என் சம்மதம் அன்னைக்கே.

ரைஹானத்


குளச்சல்
20 நவம்பர் 2024, புதன்

மருமவளே,

இன்னைக்கு நடந்தத வேற யாராவது உனக்கு எழுதுறதுக்கு முன்ன நானே எழுதிருகேன். ஏன்னா குளச்சல்ல பாதிப் பேருக்க கையில வீடியோ இருக்கு.

நேத்து சாயங்காலம் சஃப்வான் வண்டியக் கொண்டு வந்து என் வாசல்ல நிறுத்தினான். சாவியத் தரும்போது, "மாமா, காலையில எடுக்கும்போது கொஞ்சம்..."ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டான். "என்ன மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, பையப் பைய எடுங்க"ன்னான். பிள்ளைக்க நெத்தியில வேர்வை. மாமனாருக்க முன்ன வெக்கமாக்கும்னு நான் நினைச்சேன்.

விடியக்காலம் சுபுஹு பாங்கு சொன்னதும் தொழுதுட்டு ஓடி வந்து பானெட்டுல கை வச்சேன். சாளை மீன் மாதிரி குளுந்து கிடந்துது. பிஸ்மி சொல்லி சாவியத் திருப்பினேன். கிர்ர், கிர்ர்னு ஒரு முனகல். பொறவு ஒண்ணும் இல்ல. திரும்பவும் போட்டேன். சைலன்சர்ல இருந்து வெள்ளையா புகை வந்துது பாரு, கடலுக்குப் போன மீன்காரன் ஒருத்தன் பனிமூட்டம்னு நினைச்சு வள்ளத்தத் திருப்பிட்டான். நான் விடுவனா? அடுத்த போடுல பேட்டரியும் செத்துப்போச்சு.

அந்த நேரம் பாத்து பள்ளிவாசல்ல இருந்து ஆளுவ இறங்குகு. ஒரு நாப்பது பேரு இருக்கும். செரி, பதினஞ்சு. "தள்ளுங்க மக்கா"ன்னேன். எல்லாரும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தள்ளினாங்க. தெருமுனை வரை தள்ளியாச்சு, வண்டிக்கு ஒரு தும்மல் கூட வரல்ல. பாங்கு சொல்லுற மோதினார் மூச்சு வாங்கிக்கிட்டு, "கமருதீனே, சுபுஹுக்கு இத்தன பேர ஒண்ணா நான் பாத்ததில்ல. தினமும் வண்டிய இங்கயே நிறுத்து"ன்னாரு. எல்லாவனும் சிரிக்குகான்.

அப்பதான் பின்னால ஹாரன் சத்தம். சுயம்புராஜுக்க ஆட்டோ. உள்ள லாத்தா, பக்கத்துல உன் தம்பி. நீ அவன்கிட்ட தனியா சொல்லி ஆட்டோவக் காவல் நிறுத்தியிருக்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல. அத நான் மறக்க மாட்டேன். லாத்தா தலைய வெளிய நீட்டி கேக்குகா: "ஏலே கமரு, டயாலிசிஸ் எனக்கா, உன் வண்டிக்கா? அதையும் ஏத்து, கூட்டிட்டுப் போறேன்." தெருவே சிரிச்சுது. லாத்தா சிரிச்சு நான் பாத்து எத்தன நாளாச்சு. ஆட்டோ போயிட்டு. மிஷின் நேரத்துக்குப் போய்ச் சேந்தாச்சு, நீ பயப்படாத.

கடைசியில வேற வண்டிக்க பேட்டரியில இருந்து வயர் போட்டு எடுத்தோம். சூடானதும் பூனை மாதிரி உறுமுகு, சவம்!

வண்டியத் திருப்பிக் குடுக்க நானே தனியா போனேன். இனயம் தாண்டுகது வரை என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்தேன். லாத்தாவுக்கு சீட்டுக்க மணம் ஆகல்லன்னு சொல்லலாம்னு முடிவு பண்ணினேன். நல்ல பொய், யாருக்கும் சேதமில்ல. முற்றத்துல இறங்கினதும் சம்பந்தி ஓடி வந்து ஸலாம் கூட சொல்லல்ல. "காலையில எடுத்துதா?"ன்னு கேட்டாரு. அந்த முகத்தப் பாத்ததும் நான் கட்டின பொய் வாயில நிக்கல்ல. "எடுத்துது. ஆனா ஜமாஅத்தே சேந்து தள்ளினோம்"னுட்டேன்.

கதவுக்குப் பின்னால இருந்து சம்பந்தியம்மாக்க சிரிப்பு. அடக்கி அடக்கிப் பாக்குகா, முடியல்ல. சம்பந்தி திண்டாடிப்போய் நாற்காலியில இருந்தாரு. பொறவு சொல்லுகாரு, ரைஹானத், நல்லாக் கேட்டுக்க:

"சம்பந்தி, இத விக்கிற நினைப்பே எங்களுக்குக் கிடையாது. ரெண்டு வருஷமா காலையில எடுக்காது. ஹீட்டர் பிளக் மாத்தியாச்சு, இன்ஜெக்டர் பாத்தாச்சு, இப்ப எஞ்சின் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்லுகான். இரும்புக்குக் குடுக்கலாம்னு இருந்தோம். நிச்சயத்தன்னைக்கு நீங்க நாலு பேருக்க முன்ன இது வேணும்னு கேட்ட மாதிரி சொல்லிட்டிய. இல்லன்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு கர்வம்னு ஆவும். பழுதுன்னு சொன்னா, தர மனசில்லாம பழுது சொல்லுகான்னு நீங்க நினைப்பிய. நீங்க வாற நாளெல்லாம் சஃப்வான் இருட்டோட எழும்பி, பக்கத்து வீட்டு டெம்போவுல வயர் போட்டு எடுத்து நிறுத்துவான். நீங்க வேண்டாம்னு சொல்லணும்னு நாங்க துஆ செய்துக்கிட்டு இருக்கோம், நீங்க வாக்குக் குடுத்துட்டுப் போறிய!"

"நான் வேணும்னு கேக்கல்லயே, சும்மா புகழ்ந்தேன்"னு சொன்னேன். அவரு, "புகழுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா சம்பந்தி!"ன்னு கைய எடுத்துக் கும்பிட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். கதவுல உள்ள கோட்டப் பத்தி மட்டும் இன்னும் ரெண்டு பேரும் பேசல்ல.

மத்தியானம் சோறு. நெய்மீன். ஃபாஸிலா விஷயம் கல்லு மாதிரி இருக்கு, கவலைப்படாத.

ஆனா லாத்தாவுக்கு வண்டி இல்ல. வெள்ளிக்கிழமை திரும்பவும் ஆட்டோதான்.

கமருதீன்


ஷார்ஜா
22 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வீடியோ எனக்கும் வந்தது. ஆபீசுல இருக்கிற மலையாளிப் பெண்ணுவளுக்கும் காட்டினேன். மோதினார் தள்ளுறதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.

ஆட்டோ விஷயம் உங்ககிட்ட சொல்லாதது தப்புதான். சொல்லியிருந்தா நீங்க அத நிறுத்தியிருப்பீங்க.

இனி சொந்தத்துல, பழக்கத்துல வண்டி பாக்க வேண்டாம். யாருன்னே தெரியாத ஆளா இருக்கணும். சுசீந்திரத்துல பூங்கனின்னு ஒரு டீச்சர், டீசல் கார் விக்கிறாங்க. விளம்பரம் நிஹாலுக்கு அனுப்பியிருக்கேன். அவங்களே ஓட்டி பள்ளிக்கூடம் போய் வந்த வண்டி. மகன் கூட இருக்க பெங்களூர் போறாங்களாம். அந்த அளவுதான் எனக்குத் தெரியும். நீங்களும் நிஹாலும் விடியக்காலம் போங்க. மூடியத் திறங்க, மோந்து பாருங்க, அடியில படுத்துப் பாருங்க. அவங்க உங்களப் பத்தி என்ன நினைச்சாலும் நமக்கு ஒண்ணுமில்ல. ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

வண்டிய மட்டும் புகழாதீங்க. அவங்க காதுல படுற மாதிரி ஒரு வார்த்தை கூட.

ரைஹானத்


குளச்சல்
2 டிசம்பர் 2024, திங்கள்

மருமவளே,

வண்டி எடுத்தாச்சு.

அந்த டீச்சர் மாதிரி ஒரு ஆள நான் கண்டதில்ல. தேரடி தாண்டி வயல் பக்கமா வீடு. போய் நிண்ணதும் டீ வேணுமான்னு கேக்கல்ல, உக்காருங்கன்னும் சொல்லல்ல. "நேத்து பள்ளிக்கூடத்துல இருந்து வந்து நிறுத்தினது, தொட்டுப் பாத்துக்கிடுங்க"ன்னா. தொட்டேன், குளுந்து இருந்துது. சாவிய நிஹால் கையில குடுத்தா. "மஞ்சள் லைட்டு அணையட்டும், பொறவு திருப்பு தம்பி"ன்னா. கொஞ்சம் உதறிட்டு எடுத்துது. சைலன்சர்ல லேசா ஒரு புகை வந்து உடனே நிண்ணுது.

பொறவு அவளே சொல்லுகா: பின் கண்ணாடி ஒண்ணு இறங்காது. ஏசி மெதுவாத்தான் குளிரும். சூடாவுற வரைக்கும் ரெண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். கிளட்ச் அடுத்த வருஷம் மாத்த வேண்டி வரும். விக்க வந்தவ பழுது சொல்லுகா! இத்தனை சொல்லுகான்னா இன்னும் எத்தன மறைக்குகான்னு நினைச்சேன். மெக்கானிக் குமாரதாஸ் வண்டியத் தூக்கி, அடியில பேட்டரி லைட்டு அடிச்சு, ஆயில் மூடியத் திறந்து எல்லாம் பாத்துட்டு, "அவங்க சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல"ன்னான். நான் வாயத் திறக்கல்ல. ஒரே ஒரு தடவை, "கொள்ளாம், நல்ல வண்டி"ன்னு வந்துட்டு. நிஹால் காலுல மிதிச்சான்.

இன்னைக்கு முதல் ஓட்டம். நிஹால் ஓட்டினான், நான் பின்னால, லாத்தா முன்சீட்டச் சாய்ச்சு படுத்துக்கிட்டா. விடியக்காலம் மழை தூறிக்கிட்டு இருந்துது. முதல் திருப்புல எடுத்துது. திங்கள்நகர் தாண்டினோம். வண்டி எப்படி இருக்குன்னு கேட்டு, அவ சொல்றத ஊரெல்லாம் சொல்லலாம்னு பரசேரி பக்கம் முன்னால எட்டிப் பாத்தேன். வாயத் திறந்து உறங்கிக்கிட்டு இருக்கா.

ராத்திரி கூட அவ ஒழுங்கா உறங்குறதில்லன்னு நிஹால் சொன்னான். ரேடியோவ அணைச்சான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல்ல.

நீ நம்ப மாட்ட. அவன்கிட்ட கேட்டுப் பாரு.

உன் மாமா
கமருதீன்